பாடத்தின் நடுவே பொங்கிய பால்

எங்கள் அக்கா திருவாமாத்தூரில் பிறந்து, விழுப்புரத்தில் படித்து, திண்டிவனத்தில் அறிவியல் ஆசிரியையாகப் பணியாற்றியவர். அப்பா இறந்தபின் என்னைத் தம்முடனேயே வைத்து வளர்த்தார். அக்காவின் பொறுமையைப் பலரும் புகழ்கிறார்கள். உண்மையில் அவர் மகா அவசரக்காரர். என்னிடம் மட்டும்தான் பொறுமை காட்டினார்.

எனக்கு வாசிக்க வராது. ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அதன் தொடக்கம் மறந்துவிடும். எண்பதுகளின் தொடக்கத்தில் அதற்கு ஒரே பெயர்தான்: மக்கு. அக்காவின் வகுப்பிலேயே ஒன்பதாவது படித்தேன். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் தலைமை ஆசிரியை அவரை அழைத்து, "உங்க தங்கச்சிய நிறுத்திடுங்க டீச்சர். தையலாவது கத்துக்கட்டும்" என்றார்.

"அவளுக்குப் படிக்கத்தாங்க வரல. பாடம் வராதுன்னு யார் சொன்னது? ஒரு மாசம் டைம் குடுங்க" என்று கேட்டு வந்தார் அக்கா. அக்காவின் கணவர், எங்கள் மாமா, உயிராக வைத்திருந்த பாட்டு கேசட்டின் மேலேயே, சமையலறையில் உட்கார்ந்து, இதயம் பற்றிய பாடத்தைப் படித்து டேப் ரெக்கார்டரில் பதிந்தார். "பேஜாரா போச்சு, என் பாட்டெல்லாம் அழிஞ்சுதே!" என்று மாமா புலம்பினார். நான் புத்தகத்தில் விரல் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டேன்.

மாதம் முடிந்தது. தலைமை ஆசிரியை வகுப்புக்கே வந்து என்னை எழுப்பினார். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தேன்: "இதயத்திற்கு நான்கு அறைகள் உண்டு. வலது கீழறை இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அடியே, பால் பொங்கிக்கினு இருக்குது, எறக்குடி!"

வகுப்பே சிரித்தது. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பால் கெடக்கட்டும்," என்றார் தலைமை ஆசிரியை. "நுரையீரலுக்குப் போன ரத்தம் அப்புறம் எங்க போவுது?"

"சுத்தமாயி இடது மேலறைக்கு வருதுங்க. அங்கேருந்து கீழ எறங்கி ஒடம்பு பூரா போவுதுங்க."

இது கேசட்டில் இருந்த வாக்கியம் அல்ல, என் சொந்தப் பேச்சு. அக்கா எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டார்.

மறுநாளே டேப் ரெக்கார்டர் வகுப்புக்கு வந்தது. வாசிக்கத் திணறிய இன்னும் நான்கு பேர் என்னுடன் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஐவரும் பத்தாவது தேறினோம்!

வாழ்வின் கடைசி மாதங்களில் அக்காவுக்குப் பார்வை மங்கியது. நான்தான் செய்தித்தாள் வாசித்தேன். தடுமாறினால், "மெதுவா படி, எனக்கு ஒண்ணும் ஜல்தி இல்ல" என்பார்.

அக்காவை இறுதிவரை கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், உறவினர்களுக்கும், கேசட்டை இழந்த மாமாவுக்கும் எங்கள் நன்றி. முதலாண்டு நினைவு நாளில் இக்கட்டுரையை உங்கள் முன் நானே வாசிக்கிறேன். நடுவில் பால் பொங்கினால் யாராவது இறக்கி வையுங்கள். நான் நிறுத்த மாட்டேன்.