ஊதிக் காட்டச் சொல்லாத சாமி

என் கணவர் செல்வத்தின் கல்லீரல் வீங்கிவிட்டது, குடியை விடாவிட்டால் ஆள் மிஞ்சமாட்டார் என்று கிளினிக்கில் மருத்துவர் சொன்னபோது என்னால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. அவரோ, "வா கோமதி, பசிக்குது, ரொட்டி சானாய் சாப்பிடலாம்" என்றார். அந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

மலேசியாவில் கெர்லிங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. முனியாண்டி சாமியை நம்பியிருக்கும் உங்களிடம், அவர் எங்களுக்குச் செய்ததைச் சொல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

செல்வம் முதலிலிருந்தே குடிக்கிறவர் இல்லை. எங்கள் கல்யாணத்தில் நண்பர்கள் பீரை நீட்டியபோது, சிரப் தண்ணீர் போதும் என்று நழுவியவர். புக்கிட் பெருந்துங்கில் ஒரு தொழிற்சாலையில் பல வருடங்களாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மூன்று வருடங்களுக்கு முன் திடீரென்று குடிக்கத் தொடங்கினார். ஏன் என்று கேட்டால், "சும்மா லா" என்பார். குடித்துவிட்டு அடிக்கமாட்டார், கத்தவும் மாட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அதுதான் எனக்குப் பயம். தினமும் சாயங்காலம் அவரை வாசலிலேயே நிறுத்தி வாயை முகர்ந்து பார்ப்பேன். பிறகு சண்டை, அழுகை.

மருத்துவர் அப்படிச் சொன்ன பிறகு, தோட்டத்து ஓரம் மரத்தடியில் இருக்கும் முனியிடம் ஓடினேன். ஞாயிறுதோறும் காலையில் சுருட்டும் ஒரு சம்சு போத்தலும் படைத்து, "ஐயா, இத நீங்க குடிங்க. எம் புருசன் குடிய விடணும்" என்று வேண்டினேன். சூடம் காட்டிய பிறகு, படைத்த சாராயத்தை ஆண்கள் பிரசாதமாக எடுத்துக்கொள்வது நம் வழக்கம்தானே? எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. எட்டு வாரம் வைத்தேன்.

ஒன்பதாவது ஞாயிறு, படைத்துவிட்டு வரும்போது பூத்தட்டை அங்கேயே மறந்தது நினைவு வந்து, பாதி வழியில் திரும்பினேன். மரத்தடியில் செல்வம் உட்கார்ந்திருந்தார். கையில் நான் படைத்த போத்தல். குடியை நிறுத்த நான் வாங்கி வைத்த சாராயம் எட்டு வாரமும் இவர் வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது. கோயில் கூட்டும் துடைப்பத்தை எடுத்துவிட்டேன். முனி மேல் ஆணையாக, சாத்துவதற்குத்தான் எடுத்தேன்.

அவர் என்னைக் கவனிக்கவில்லை. சாமியிடம் பேசிக்கொண்டிருந்தார். "நீங்க ஒருத்தர்தான் ஐயா, என்னை ஊதச் சொல்லாம குடுக்குறீங்க."

எனக்குக் கை இறங்கிவிட்டது. "யாருங்க உங்கள ஊதச் சொன்னா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. மூன்று வருடங்களுக்கு முன் வந்த மேனேஜர், திங்கட்கிழமை காலைகளில் வண்டிச் சாவி கொடுக்குமுன் இந்தியர்களை மட்டும் தனியாக நிறுத்தி, வாயை ஊதிக் காட்டச் சொல்வாராம். மற்றவர்கள் சாவியை வாங்கிக்கொண்டு போவார்கள். சிலர் சிரிப்பார்கள். அது தொடங்கியபோது என் கணவர் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை.

"இத்தன வருசத்துல ஒரு பொட்டியக்கூட நான் சாய்ச்சதில்ல கோமதி. எப்படியும் குடிகாரன்னுதான் பாக்குறாங்க, குடிச்சாத்தான் என்னன்னு ஆயிருச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீயுந்தான வாசல்ல நிறுத்தி மோந்து பாக்குற."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் வலித்தது. அங்கேயே உட்கார்ந்து இருவரும் அழுதோம். பிறகு அவரே போத்தலைத் திறந்து, "முழுசும் உங்களுக்குத்தான் ஐயா" என்று மரத்தடியில் ஊற்றினார்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டதென்று சொன்னால் சாமிக்கே அடுக்காது. கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள், வாரம் ஒருமுறை உட்கார வைத்துப் பேசினார்கள். கை நடுங்கிய நாட்களில் நான் சோறு ஊட்டினேன். தீபாவளியன்று ஒருமுறை தவறினார். அவரே வந்து சொன்னார். நான் கத்தவில்லை.

தொழிற்சாலைக்குப் புகார்க் கடிதமும் எழுதினோம். கூட வேலை செய்யும் ரஹிம், "நானே பாத்தேன்" என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டார். நான்கு மாதத்தில் அந்த ஊதல் நின்றது. மேனேஜர் மன்னிப்புக் கேட்கவில்லை. என் கணவர் இன்னும் அதே வண்டிதான் ஓட்டுகிறார். ஆனால் கல்லீரல் தேறிவருகிறது. இப்போது முனிக்கு இளநீர் படைக்கிறேன், அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

நான் கேட்டது குடி நிற்கவேண்டும் என்று. முனி முதலில் இவரைப் பேச வைத்தார், என்னைக் கேட்க வைத்தார். உங்கள் வீட்டிலும் இப்படிச் சுவரைப் பார்த்து ஒருவர் உட்கார்ந்திருந்தால், அவரைச் சாமி முன்னால் கூட்டிப்போய் உட்கார வையுங்கள். பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். முனி கைவிடமாட்டார்.

போன வாரம் வேலை முடிந்து வந்தவர், வாசலில் நின்று முகத்தை என்னிடம் நீட்டினார். கண்ணில் குறும்பு.

"ஊதட்டுமா?"

"உள்ள வாங்க, தேத்தண்ணி ஆறுது" என்றேன்.