துணைவேந்தர் மடலில் ஒரு குளம்

துணைவேந்தர் பெயரில் கடிதம் எழுதுகிறவர்களுக்குக் கையெழுத்தைத் தவிர மற்ற எல்லா வேலையும் உண்டு. மேலதிகாரியின் பெருமிதத்தையும் நன்றியையும் அவருக்குப் பதிலாக உணர்ந்து எழுதிக்கொண்டிருப்பவர்களே, இது உங்களுக்காக. நான் வளர்ந்தது கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், ஆபீஸில் ஆங்கிலம். தெற்குக் கொல்கத்தாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் 'துணைவேந்தர் மடல்' என் கைவேலை. ஒரு பக்கம் சாதனைகள். மறுபக்கம் அக்கம்பக்கத்து மக்களோடு நாங்கள் கைகோத்துச் செய்தவை.

ஏழு மகிழ்ச்சிகள்

எங்கள் துணைவேந்தர் ஒரு வங்காளி அம்மாள். மண்ணியல் பேராசிரியராக இருந்தவர். அவர் அறை ஜன்னலுக்குக் கீழே மதில், மதிலுக்கு அப்பால் ஒரு பழைய குளம். மழை நாட்களில் தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும்; எது எங்கே முடிகிறது என்று தெரியாது. பேசிக்கொண்டே இருப்பவர் அதைப் பார்த்ததும் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். நானும் பேனாவைத் திறந்து வைத்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். எவ்வளவு நேரம் போனது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

அந்த ஜூலையில் வரைவை நீட்டினேன். புதிய ஆய்வுக்கூடம், விவாதப் போட்டியில் ஜெயித்த மாணவிகள், ஜப்பானுக்குப் போய் வந்த ஆசிரியர் என்று எல்லாவற்றையும் 'மகிழ்ச்சியுடன்' தெரிவித்திருந்தேன். மேடம் பொறுமையாகப் படித்தார். பிறகு குளத்தைப் பார்த்தபடியே கேட்டார்: "ஏழு எடத்துல மகிழ்ச்சின்னு எழுதியிருக்கே, மைதிலி. இதுல நிஜமாவே நான் எங்க சந்தோஷப்பட்டேன்?"

படித்துறையில்

சமூகப் பக்கத்துக்குச் சுற்றுச்சூழல் துறை ஒரு குறிப்பு அனுப்பியிருந்தது: 'குளத்தங்கரை மக்களுடன் இணைந்து நான்கு ஆண்டுகளாக நீர்ப் பரிசோதனை.' இணைந்த மக்களில் ஒருவர் சொன்னதையும் சேர்த்தால் நன்றாக இருக்குமே என்று மதிலைச் சுற்றிக்கொண்டு போனேன். இத்தனை வருஷம் மாடியிலிருந்து பார்த்த தண்ணீரை அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். மேலிருந்து வானம் தெரிந்த இடத்தில் இங்கே வெள்ளை நுரை நின்றுகொண்டிருந்தது.

படித்துறையில் துணி அலசிக்கொண்டிருந்தார் மினதி மாஷி. இங்கே வயதான பெண்களை எல்லோரும் மாஷி, அதாவது சித்தி என்றுதான் கூப்பிடுவோம்; அவர்களுக்கு நாங்கள் தீதி, அதாவது அக்கா. காலில் முழங்கால் வரை சொறி. எங்கள் மாணவர்களைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்தது. நல்ல பிள்ளைகளாம், வரும்போதெல்லாம் வணக்கம் சொல்வார்களாம். துணியைப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தார். "நாலு வருஷமா பாட்டில்ல தண்ணி எடுத்துட்டுப் போறாங்க, தீதி. இந்தத் தண்ணிக்கு என்ன நோய்னு இதுவரைக்கும் எங்ககிட்ட யாரும் சொல்லலையே?"

எந்தத் துறை

நேரே சுற்றுச்சூழல் துறைப் பேராசிரியர் பாக்சியின் அறைக்குப் போனேன். மென்மையான மனிதர், உரக்கப் பேசினால் தானே திடுக்கிடுவார். மாஷி கேட்டதைச் சொன்னேன். ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார். மாணவர்கள் முதல் வருஷமே கண்டுபிடித்துவிட்டார்கள். குளத்தைக் கெடுப்பது எங்கள் விடுதிச் சமையலறையின் கழிவுநீர். மதிலுக்கு அடியில் ஒரு பழைய குழாய் வழியாகப் போகிறது. பதிவாளருக்கு எழுதியிருக்கிறார். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்திருக்கிறது. வருஷா வருஷம் அதே பதில்.

குளத்தங்கரையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை: "கண்டுபிடிக்கறது எங்க துறை, வெளியே சொல்றது உங்க துறைன்னு நினைச்சுட்டு இருந்துட்டேன்."

இரண்டு வரைவுகள்

அன்று இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்றில் குழாய் இருந்தது, ஒன்றில் இல்லை. இரண்டாவதுதான் அழகாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதிவாளர் முதலாவதை விரல் நுனியால் தள்ளினார். "சாதனை மடல்ல சாக்கடை எதுக்கு?" என்றார். என் ஒப்பந்தம் டிசம்பரில் முடிவதையும் அன்போடு நினைவூட்டினார்.

மேடம் இரண்டையும் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்துப் படித்தார். சாயங்காலம் ஆகியிருந்தது. குளத்துக்கு அந்தப் பக்கம் எந்த வீட்டிலோ விளக்கேற்றிச் சங்கு ஊதினார்கள். அந்தச் சத்தம் தண்ணீர் மேலேயே நடந்து வந்ததுபோல் இருந்தது. எனக்கோ டிசம்பர் ஞாபகம். மேடம் தலை நிமிராமல் கேட்டார்: "இதுல எதை அந்த மாஷிக்கு முன்னால நின்னு என்னால படிக்க முடியும்?"

குழாய் இருந்த காகிதத்தைத் தொட்டுக் காட்டினேன்.

கையெழுத்து

மேடம் கேள்வியோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் குடை பிடித்துக்கொண்டு படித்துறைக்கே வந்துவிட்டார். மழை விட்டு விட்டுத் தூறியது. பத்துப் பதினைந்து பெண்கள், இரண்டு மீன்காரர்கள், வாத்துகள். மேடம் வங்காளத்தில் படித்தார்: 'இந்தக் குளம் கெட்டதற்குக் காரணம் நாங்கள். தெரிந்தும் சொல்லாமல் இருந்தோம். துர்கா பூஜைக்குள் குழாயை அடைத்துவிடுவோம்.' யாரும் கைதட்டவில்லை. ஒரு வாத்து மட்டும் கரையேறி மேடத்தின் செருப்பை முகர்ந்துவிட்டுப் போனது.

மினதி மாஷி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். மேடம் என் முதுகில் வைத்தே போட்டுக் கொடுத்தார். மாஷி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கையெழுத்து ரொம்ப அழகா இருக்கும்மா. ஆளுங்க எப்ப வருவாங்க?"

பூஜைக்குப் பிறகு

பூஜைக்குள் ஆகவில்லை. மடலைப் படித்த நிர்வாகக் குழுவினர் மேடத்தைக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை. வெளியே வந்து ஒரு கோப்பை டீ கேட்டார், அவ்வளவுதான். கடைசியில் தீபாவளியோடு வரும் காளிபூஜைக்கு முந்தின நாள் குழாயை அடைத்து, கழிவுநீரை வேறு வழியாகத் திருப்பினார்கள். என் ஒப்பந்தத்தை ஒரு வருஷத்துக்குப் பதில் ஆறு மாதம் நீட்டினார்கள்.

ஜனவரி மடலுக்கு ஒரு பத்தி எழுதி எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போனேன். பனி இறங்கியிருந்தது, எதிர்க்கரை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மாஷி கடைசிப் படியில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். சொறி வற்றியிருந்தது. நான் உருக்கமாகப் படித்தேன்: 'புத்துயிர் பெற்ற குளம் இன்று பளிங்குபோல் மிளிர்கிறது.' மாஷி தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மிளிரவெல்லாம் இல்ல, தீதி. நுரை நிக்கறதில்ல, காலு அரிக்கறதில்ல. அதை மட்டும் எழுது."

இத்தனை வருஷத்தில் மேடம் ஒரு திருத்தமும் போடாமல் அச்சுக்கு அனுப்பிய ஒரே வரி அதுதான், அதையும் நான் எழுதவில்லை.