பூ விழுந்தது வலப்பக்கம்

சம்பங்கிக்குத் தன் ஊரில் நல்ல பெயர் கிடையாது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி விளையும் ஊர். ஓசூர்க் கம்பெனி ஒன்றில் எலக்ட்ரீஷியன் வேலை. கம்பெனி பஸ்ஸில் போக வர மூன்று மணி நேரம். அவ்வளவும் புத்தகத்துக்கே போகும். ராகு காலம் பார்த்து, அந்த நேரத்திலேயே தாலி கட்டியவர். ‘கரண்டு வேலை பாத்துப் பாத்து மண்டையில ஏறிடுச்சு’ என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. அந்த ஊர் ஓரளவாவது யோசித்து எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

பெண் பிள்ளைகளுக்கு அங்கே கபடி அணி அமைத்தவர் அவர். முதல் வருடம் அதைப் பார்த்துச் சிரித்த கங்கப்பன், இரண்டு கோப்பைகள் வந்ததும் கிளப் தலைவரானார். மைதானம் அவருடைய நிலம். நிலம் வைத்திருப்பவருக்குக் கபடி தெரிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மாவட்டப் போட்டியின் அரையிறுதியில் ரெய்டு போன அனிதாவைக் காலைப் பிடித்து இழுத்தார்கள். பின்மண்டை தரையில் மோதியது. பதினாறு வயதுப் பெண், உடனே எழுந்துகொண்டாள்.

“எத்தனை பாயிண்ட்டுணா?” என்று சம்பங்கியிடம் கேட்டாள். சொன்னார். ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள். மூன்றாம் முறை கேட்டபோது அவளை வெளியே உட்கார வைத்தார். திரும்பும் வழியில் பஸ்ஸில் வாந்தி எடுத்தாள். ரத்தம் வரவில்லை, ஆகவே காயமில்லை என்று ஊர் தீர்ப்பு எழுதியது. மூளை என்ற ஒன்று உள்ளே இருக்கிறது என்பது பலருக்கு அனுபவத்தில் தெரியாத சங்கதி.

டாக்டர் பொற்கொடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். கசிவு இல்லை, ஆனால் மூளை குலுங்கியிருக்கிறது என்றார். “ரெண்டு நாள் ஓய்வு. அப்புறம் நடை, அப்புறம் ஓட்டம், அப்புறம் ஆள் மோதாத பயிற்சி. எந்தப் படியில தலை வலிச்சாலும் ஒரு படி கீழ இறங்கணும். நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஆட்டம். ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி விழுந்தா உயிருக்கே ஆபத்து. தலை மட்டுமில்ல, இந்த நிலைமையில காலும் ஒரு கணம் தாமதமாத்தான் ஊனும். முட்டி போயிடும்.”

இறுதிப் போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது.

கங்கப்பனுக்கு ஒன்பது நாள் தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் பூ வாக்குக் கேட்டார். சிலை மேல் ஈரப் பூவை ஒட்ட வைத்து, வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம் என்று நம்புவது அங்கே வழக்கம். ஒட்டிய ஈரம் காய்ந்ததும் பூ விழத்தான் செய்யும். விழுந்தது.

“வலப்பக்கம் வுழுந்துடுச்சு சம்பங்கி. அம்மாவே உத்தரவு குடுத்துட்டா. டீம்ல அனிதா பேர எழுதிடு.”

“உங்க டிராக்டருக்கு பிரேக் புடிக்கலன்னா மெக்கானிக்கத் தேடுவீங்களா, பூ கேப்பீங்களாண்ணா?”

“டிராக்டரு காசு குடுத்து வாங்கினதுப்பா” என்றார் கங்கப்பன், துளிக் கூச்சமில்லாமல்.

சம்பங்கி எழுத மறுத்தார். நீ இல்லாவிட்டால் எழுத வேறு கை இல்லையா என்று கங்கப்பன் தன் மருமகன் மோகன்குமாரை அணி மேலாளராக்கினார். இனி தடுக்க மிச்சமிருந்தது அனிதாவின் அம்மா வெங்கடம்மாள் ஒருத்திதான். சம்பங்கி வீடு தேடிப் போனபோது, ரோஜாத் தோட்டத்து பிளாஸ்டிக் கூடாரத்தில் பகல் முழுக்க நின்று பூ வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

“சாமி சொன்னதுக்கு மேல நான் இன்னா சொல்றது தம்பி? இவளும் வலியில்லங்கறா.”

“வலியே இல்லணா” என்றாள் அனிதா, வாசல் வெளிச்சத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு.

“சரி. ஒத்தக் கால்ல நில்லு. இடுப்புல கை, கண்ண மூடிக்கோ. அக்கா, நீங்களும் நில்லுங்க.”

“நானா? எனக்கெதுக்கு இந்தக் கூத்து?” என்றாலும் வெங்கடம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு நின்றாள். எட்டு மணி நேரம் நின்று வந்த கால், லேசாக ஆடியதே தவிர விழவில்லை. மாவட்டத்தில் பெயர் வாங்கிய ரெய்டர் நான்கு எண்ணுவதற்குள் அம்மாவின் தோளில் சரிந்தாள்.

“நடிக்கிறியாடி?”

“இன்னொரு வாட்டி நிக்கறேம்மா.” நின்றாள். மறுபடியும் சரிந்தாள். பிறகுதான் அழுகை வந்தது. பள்ளிக்கூடத்தில் போர்டு எழுத்து மிதக்கிறது, வெயிலைப் பார்க்க முடியவில்லை. இந்தப் போட்டியில் ஆடினால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் கிடைக்கும் என்று தலைவர் சொன்னாராம். மோதி விழப்போகிறவளிடம் சொல்லக்கூடிய எல்லாப் பொய்களிலும் சுலபமானது.

இறுதிப் போட்டி நாளான ஞாயிற்றுக்கிழமை கங்கப்பனின் கார் வந்து வாசலில் ஹாரன் அடித்தது. வெங்கடம்மாள் மட்டும் வெளியே வந்தாள்.

“பூ வலப்பக்கந்தான் வுழுந்துச்சுங்க. என் பொண்ணு எல்லாப் பக்கமும் வுழறா. அனுப்ப மாட்டேன்.”

அணி நான்கு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. சாமி குத்தம், சம்பங்கி குத்தம் என்று இரண்டு காரணங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. சாமியைத் தண்டிக்க வழியில்லாததால் சம்பங்கியைக் கிளப்பிலிருந்து நீக்கினார்கள். மைதானத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்றார்கள். அவர் அனிதாவை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். கம்பெனியிலிருந்து வந்ததும் தினமும் அரை மணி நேரம்: முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், பிறகு ஒற்றைக்கால் நிலை.

மூன்றாம் வாரம் ஓடித் திரும்பும் பயிற்சி ஆரம்பித்தார்கள். நான்காவது திருப்பத்தில் அனிதா தானாகவே நின்றாள்.

“அண்ணா, தலை லேசா இடிக்குது.”

“எப்பலேந்து?”

“ரெண்டாவது சுத்துலேந்து. அப்பவே சொல்லியிருக்கணும்.”

“இப்பவாவது சொன்னியே. நாளைக்கு நேர் ஓட்டம் மட்டும்.”

“மறுபடியுமா” என்று முனகினாள். செருப்பை மாட்டிக்கொண்டு, கரை மேட்டில் மெதுவாக நடக்க ஆரம்பித்தாள்.