தெற்கு பார்த்த பால்கனியும் ஒரு N கீயும்

இன்று கொல்கத்தா நியூ டவுனில், ஒரு பில்டர் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால்...

அட்வான்ஸ் செக்கில் கையெழுத்துப் போட என் கணவர் பேனா மூடியைத் திறந்துவிட்டார்.

ஜாதவ்பூரில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டில் காற்று என்பதே கிடையாது. (ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சமையலறை. என்ன மீன் என்று வாசனையிலேயே சொல்லிவிடுவேன்!)

அவருக்கு வீசிங் உண்டு. வெயில் காலம் முழுக்க இன்ஹேலரும் கையுமாகத்தான் இருப்பார். பக்கத்தில் படுத்து அந்த மூச்சைக் கேட்பது பெரிய கொடுமை.

வீட்டுக்கார மாஷிமா (நம்மூர்ச் சித்தி மாதிரி) எப்போதும் சொல்வது ஒன்றுதான். 'தொக்கின் கோலா' வீடாகப் பாருங்கள், அதாவது தெற்குப் பக்கம் திறந்த வீடு, காற்று தானாக வரும். கொல்கத்தாக்காரர்கள் மாப்பிள்ளையைக்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்று நாங்களும் தெற்கைத் தேட ஆரம்பித்தோம்.

இந்த ஃபிளாட் கிடைத்தது. கட்டிடம் இன்னும் எழும்பவில்லை. சைட்டைப் பார்க்கப் போன அன்று ஒரே மழை, சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

அதனால் ஆபீஸில் விற்பனை பார்க்கும் தாதா (வங்காளத்தில் அண்ணன்), சாட்டிலைட் மேப்பைத் திறந்து காட்டினார். திரையின் அடிப்பக்கம் ரோடு. பால்கனி ரோட்டைப் பார்த்தது. மேப்பில் கீழே இருப்பது தெற்குதானே? என் கணவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் நான் கீபோர்டை வாங்கினேன்.

என் வேலையே மேப்போடுதான். ப்ளஸ் அழுத்தினால் கிட்டே வரும், மைனஸ் அழுத்தினால் விலகும், அம்புக்குறி அழுத்தினால் நகரும். மௌஸைத் தொடவே மாட்டேன். எந்த மேப்பைத் திறந்தாலும் முதலில் N. வடக்கு மேலே வந்து நிற்கும். பிள்ளையார் சுழி மாதிரி ஒரு பழக்கம்.

கை தன்னால் N-ஐ அழுத்தியது.

மேப் மெதுவாகச் சுற்றியது. அடியில் இருந்த ரோடு இடது பக்கம் போய் நின்றது.

மேற்கு. சாயங்கால வெயில் முழுக்க உள்ளே வரும் மேற்கு.

ரோடு திரையில் அழகாகத் தெரியட்டும் என்று தாதா எப்போதோ ஷிப்டும் அம்புக்குறியும் அழுத்தித் திருப்பி வைத்திருக்கிறார். அதையே தெற்கு என்று அவரும் நம்பிவிட்டார்.

ஏமாற்றுகிறாரோ என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்னைவிடத் திகைத்துப் போயிருந்த அவர் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"பௌதி, பழையபடி வைக்க எந்தக் கீ?" என்றார். பௌதி என்றால் அண்ணி.

"மேப்பைத் திருப்பிடலாம் தாதா. காத்து திரும்பாதே."

திரையை நோக்கிக் குனிந்தார். பிறகு பக்கத்து பிளாக்கைக் காட்டச் சொன்னார். ப்ளஸ், இரண்டு அம்புக்குறி, வந்துவிட்டது.

"இதுல எங்கம்மாவுக்கு ஒண்ணு புக் பண்ணிருக்கேன். இதுவும் அப்படித்தானா?"

அதே ரோடுதான், அதே இடது பக்கம். அவருக்கே தெரிந்தது.

என் கணவர் பேனாவை மூடினார். தாதாவின் தோளைத் தட்டிவிட்டு எழுந்தார்.

பஸ்ஸில் முன் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்த N-ஐ ஏன் அழுத்தினோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அழுத்தாமல் இருந்திருந்தால் இன்று ஒரு நாளாவது அவர் சந்தோஷமாக இருந்திருப்பார்.

பைபாஸ் ரோட்டில் திரும்பியதும் காற்று அவர் முகத்தில் அடித்தது. கண்ணை மூடி ஆழமாக மூச்சு இழுத்தார். சத்தமே இல்லாத மூச்சு.

"இப்ப எந்தப் பக்கம் போறோம்?" என்றார்.

"ஜாதவ்பூருக்குத்தானே, தெக்கால."

"அப்ப இந்த பஸ்ஸையே புக் பண்ணிடு."

நண்பர்களே, நிஜமாகவே தெற்கு பார்த்த ஃபிளாட் எங்காவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். (தயவுசெய்து N அழுத்திப் பார்த்துவிட்டு!)