படம் பிடிக்கவிடாத அத்தை

எண்பத்தொன்பதில் நான் கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தபோது, என் வீட்டுக்காரருக்குத் தேரடித் தெருவில் ஒரு ஸ்டுடியோ இருந்தது. கல்யாண வீடியோவும் எடுப்பார். எடுப்பார் என்றால், தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் பெண்ணைப் பெற்றவரின் முகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தீபத்தன்று ஊரே மலை உச்சியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். இவர் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்க்கிற சனங்களை எடுப்பார். "தீபம் அடுத்த வருஷமும் அங்கதான் எரியும். இந்த மூஞ்சிங்க வருமா?" என்பார். கேசட்டில் தாலியைக் காணோமென்று பெண் வீட்டார் சண்டைக்கு வந்தால், பதில் சொல்வது நான்தான். எனக்கும் வாய் கொஞ்சம் ஜாஸ்தி. சமாளித்தேன்.

சொந்தமாக ஒரு படமும் எடுத்தார். கிரிவலம் போகிறவர்களின் கால்கள், முக்கால் மணி நேரம், கால்கள் மட்டும்! தெருக்காரர்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். பாதியிலேயே ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். என் அத்தை, அதாவது இவரைப் பெற்றவர், மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்து, "அந்த வெடிப்பு வெச்ச காலு யாருதுடா, பாவம்?" என்று கேட்டார்.

மகன் எடுத்த படத்தைப் பார்ப்பாரே தவிர, தன்னை எடுக்க விடமாட்டார். அடி அண்ணாமலையில் இட்லிக் கடை வைத்திருந்தார். இவர் கேமராவோடு போய் நின்றாலே முந்தானை முகத்துக்கு வந்துவிடும். "என்னப் புடிச்சே, உனக்கு சோறு கெடையாது, ஆமா!" என்று கரண்டியை ஓங்குவார். காரணம் இல்லாமல் இல்லை. என் மாமனார் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, மாட்டுச் சந்தைக்குப் போன இடத்தில், ஆசைப்பட்டுப் படம் எடுத்துக்கொண்டாராம். படம் கைக்கு வருவதற்குள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து, படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்பது அத்தைக்கு வேதவாக்கு.

"அப்ப நான் எடுத்தவங்கல்லாம் செத்துட்டாங்களா? ஊரே காலியாயிருக்கணுமே!" என்று இவர் கேலி செய்வார். மூடநம்பிக்கை என்று ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்வார். என்னிடம் மட்டும், "ஒண்ணே ஒண்ணு போதும்டி. அம்மா சிரிக்கிற மாதிரி ஒண்ணு" என்பார். எனக்குப் பாவமாக இருக்கும்.

இரண்டாயிரம் பிறந்த கையோடு அத்தைக்கு வயிற்றில் கட்டி வந்தது. வேலூருக்குக் கூட்டிப்போனோம். ஆபரேஷன் தாங்காது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அத்தையிடம் நாங்கள் வாயே திறக்கவில்லை. அவருக்கா தெரியாது?

ஒருநாள் காலையில் ஆட்டோவில் தனியாக வந்து ஸ்டுடியோ வாசலில் இறங்கினார். பெட்டியில் கிடந்த பச்சைப் பட்டு, நெற்றி நிறையத் திருநீறு. நேராகப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"புடிடா நைனா. இத்தினி நாளா கேட்டியே."

இவர் விளக்கைப் போட்டார், அணைத்தார், ஸ்டாண்டை நகர்த்தினார். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனவர் அப்படியே கீழே இறக்கிவிட்டார். "ரோல் தீந்துபோச்சும்மா. நாளைக்கி எடுக்கலாம்" என்றார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. அன்று காலைதான் என் கண்ணெதிரே புது ரோல் போட்டிருந்தார். "ஏங்க, புளுகாதீங்க! அவங்களே வந்து உக்காந்திருக்காங்க, எடுத்துத் தொலைங்களேன்!" என்று கத்திவிட்டேன். திரும்பினவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"கை வரலடி. ஒருவேளை அம்மா சொல்றது நெசமா இருந்துட்டா?"

என் கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அந்த மனுஷனை அன்றைக்குப் போல என்றைக்கும் எனக்குப் பிடித்ததில்லை.

அத்தை சிரித்துவிட்டார். "அடப் பயந்தாங்கொள்ளி! இனிமே கொறையறதுக்கு என்னடா இருக்குது? வா இங்க." இவர் போய்க் காலடியில் உட்கார்ந்து, மடியில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அத்தை அவர் தலைமேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ புடிம்மா. இவனையும் சேத்தே புடி. ஊரையே எடுத்தான், இவன எவன் எடுத்தான்? டேய், மூஞ்சியக் காட்டுடா."

எடுத்தேன். எனக்குப் பழக்கமில்லை, லேசாகக் கலங்கித்தான் வந்தது. ஆனால் அத்தை சிரிப்பது தெரிந்தது.

ஆடி மாதம் அத்தை போய்விட்டார். காரியத்துக்கு மாலை போட்டு வைக்கப் படம் வேண்டும். உயிரோடு இருக்கிறவர்கள் உள்ள படத்துக்கு மாலை போடக்கூடாதே. "உன்ன வெட்டிட்டு அம்மாவ மட்டும் பெருசு பண்ணுடா" என்றார் என் நாத்தனார். எத்தனையோ வீடுகளுக்கு அப்படி வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்தவர்தான் இவர். படத்தை மேசைமேல் வைத்து, ஸ்கேலை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார். எப்படி வெட்டினாலும், அவர் தலைமேல் இருக்கிற அத்தையின் கை போய்விடும்.

அதனால் அந்தப் படம் எங்கள் வீட்டில் மாலை இல்லாமல்தான் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா எங்க, ஊருக்குப் போயிருக்காங்களா?" என்று கேட்பார்கள். இவர் ஆமாம் என்று தலையாட்டுவார். நானும் மறுத்துச் சொல்வதில்லை.