வாப்பாவுக்கு வாங்கிய தலைவர் வரலாறு

எண்பதுகளின் நடுவில் வாப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. கொழும்பில் காட்டினோம், வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். பல வருடம் பட்டினசபை உறுப்பினராக இருந்து, கடைசித் தேர்தலில் தோற்றவர் அவர். அரசியல் கதைக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் பத்திரிகையில் அந்த நாட்களில் சாவுச் செய்திதான் வந்தது. அதை வாசிப்பதையும் நிறுத்திவிட்டார். ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாற்றை வாங்கிக் கொடுத்தால் பொழுதாவது போகும் என்று நினைத்தேன்.

கல்முனைக் கடைத்தெருவில் பாதிக் கடைகள் பூட்டியிருந்தன. புத்தகக்கடைக்காரர் மூன்றை எடுத்துப் போட்டார். முதலாவது செங்கல் கனம். பக்கத்துக்குப் பக்கம் ஒப்பந்தங்கள். இரண்டாவதில் தலைவர் பிறந்த அன்றே ஊருக்கு வெளிச்சம் வந்ததாம். மூன்றாவது ஏதோ ஒரு குளிர்நாட்டுப் பிரதமருடையது. முதல் கூட்டத்துக்குப் பேச்சுத் தாளை வீட்டில் மறந்து வந்து, மேடையில் வியர்த்து நின்றவர். நின்றபடியே பத்துப் பக்கம் வாசித்துவிட்டேன். எழுத்தும் பெரிது.

“ஆருக்கு மாஸ்டர்?” என்றார் கடைக்காரர்.

“வாப்பாக்கு.”

“அப்ப இதக் கொண்டு போங்க. மத்த ரெண்டும் நோயாளிக்குத் தாங்காது.”

வாப்பா இரண்டு நாள் தானே வாசித்தார். பிறகு புத்தகத்தைப் பிடிக்கக் கை தாங்கவில்லை. நான் வாசித்துக் காட்டினேன். பிரதமர் தேர்தலில் தோற்ற இடம் வந்ததும் கையை உயர்த்தினார். குரல் வெறும் காற்றாக வந்தது.

“தோத்ததுக்குப் பொறகு என்ன செஞ்சாராம்?”

புரட்டிப் பார்த்தேன். தோட்டம் செய்து ஓய்வாக வாழ்ந்தார் என்று இரண்டே வரிகள்.

“ஆரும் அவருக்கிட்ட உதவி கேட்டு வரல்லயா?”

எனக்கு விளங்கவில்லை. பிறகு, நிறுத்தி நிறுத்தி அவரே சொன்னார். போன வருடம் பக்கத்துத் தமிழ்க் கிராமம் எரிவதற்கு முதல் நாள், அங்கிருந்து அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் பின்வேலியால் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். சந்தியில் கூடி நிற்கும் எங்கள் ஊர் முஸ்லிம் இளைஞர்களிடம், கிராமத்துப் பக்கம் போகவேண்டாமென்று ஒரு வார்த்தை சொல்லும்படி வாப்பாவைக் கேட்டிருக்கிறார்.

“நான் இப்ப மெம்பர் இல்லயே எண்டன். அவன் வந்த வேலியாலயே திரும்பிப் போயிட்டான்.” வாப்பா மூச்சு வாங்கினார். “அப்ப எனக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்ல மகன். நல்லா நடந்து திரிஞ்ச நான். சந்தி என்ன தூரமா?”

புகை எழுந்த அன்று நாங்கள் எல்லோரும் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேதான் இருந்தோம். நானும்தான்.

“அவனக் கண்டு, நான் சொன்னனெண்டு மாப்புக் கேளு.”

“ஓம் வாப்பா.”

மறுவாரம் வாப்பா மௌத்தானார். புத்தகத்தில் கடைசி அத்தியாயம் வாசிக்கப்படாமல் கிடந்தது.

கலவரத்தோடு அடைத்திருந்த பாதை திறந்து பல வாரங்களுக்குப் பிறகே அந்தக் கிராமத்துக்குப் போனேன். சிநேகிதரின் வீட்டில் சுவர் மட்டும் நின்றது. பக்கத்து வளவில் கூரைக்குக் கிடுகு வேய்ந்துகொண்டிருந்த ஒரு பெண், அவர்கள் மட்டக்களப்புப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். நான் எந்த ஊரான் என்று அவள் கேட்டாள். சொன்னேன். பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை.

அவர்கள் எந்த ஊருக்குப் போனார்கள் என்று விசாரித்திருக்கலாம். விசாரிக்காமலே சைக்கிளைத் திருப்பினேன்.