கண்ணுக்குள் இருந்த பிளாஸ்டிக்

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் வரலாற்றை நான் கரைத்துக் குடித்தவன். முதலில் அதைக் கண்ணாடியில் ஊதிச் செய்தார்கள்; வெள்ளை விழியையும் சேர்த்து மூடும் கனத்த ஓடு. செய்த மருத்துவர் முயலின் கண்ணில் வைத்துப் பார்த்தார், பிறகு தன் கண்ணில் வைத்தார். முயலிடம் யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை. பிறகு பிளாஸ்டிக் வந்தது. கடைசியில் செக் நாட்டு இரசாயனவியலாளர் ஒருவர், பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டுமானப் பெட்டியையும் சைக்கிள் டைனமோவையும் பூட்டி, வீட்டிலேயே மென்மையான லென்ஸை வார்த்தெடுத்தார். அவரைக் கேளாமலே அதன் உரிமையை விற்றுவிட்டார்கள். வாசித்தபோது அவர் எனக்குச் சொந்தக்காரர் போலிருந்தது.

இவ்வளவும் தெரிந்த எனக்கு ஒரு சின்ன விஷயம் தெரியவில்லை. யுத்தகாலக் கொழும்பில் ஒரு தமிழன் தன் முகத்தைத் திருத்தக்கூடாது.

அப்போது வெள்ளவத்தையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். சோடாப் போத்தலின் அடி போன்ற மூக்குக்கண்ணாடி. அடையாள அட்டைப் படத்தில் முக்கால்வாசி கண்ணாடி, மிச்சம் நான். கொட்டாஞ்சேனையில் ஒரு பெண் வீட்டுக்குச் சாதகத்தோடு போனதும் அதே படம்தான். சாதகம் பொருந்தியது. பெண்ணின் படம் வந்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைவில்லை. ஞாயிறு நாலு மணிக்கு வரச்சொல்லி அவளுடைய தகப்பனார் தொலைபேசியில் சொன்னார். படத்தைவிட அழகாகப் போய் நிற்கலாம் என்று லென்ஸ் போட்டேன். மூக்குக்கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது.

கொட்டாஞ்சேனைக்குள் நுழையும் இடத்தில் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். ஆமிக்காரன் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். படத்திலிருப்பவனுக்குக் கண்ணாடி இருக்கிறதே என்றான். என் சிங்களம் கடையில் பாண் வாங்கப் போதும். கண் மருத்துவத்துக்குப் போதாது. கண்ணுக்குள் பிளாஸ்டிக் இருக்கிறது என்றேன். பிளாஸ்டிக் என்றாலே வெடிமருந்து என்றிருந்த அந்த நாட்களில், உடம்பில் பிளாஸ்டிக் மறைத்திருக்கிறேன் என்று கேளாமலே ஒப்புக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அவசரமாக மூக்குக்கண்ணாடியை எடுத்து லென்ஸுக்கு மேலேயே மாட்டினேன். உலகம் கரைந்தது. அவன் முகத்துக்கு முன்னால் கையை நீட்டி எத்தனை விரல் என்று கேட்டான். கையே தெரியவில்லை. தன் கண்ணாடியில் தனக்கே கண் தெரியாதவன் என்றால் கண்ணாடி இவனுடையதல்ல, அட்டையும் இவனுடையதல்ல என்று முடிவுகட்டிவிட்டான். அவனுடைய தர்க்கத்தில் பிழையில்லை. அதுதான் இன்றைக்கும் எரிச்சல்.

பொலிஸ் நிலையத்தில், உன்னைத் தெரிந்த ஒருவர் வந்து சொன்னால் விடலாம் என்றார் சார்ஜன்ட். என்னிடமிருந்த ஒரே தொலைபேசி இலக்கம் பெண் வீட்டினுடையது. அதைக் கொடுத்தேன். என்னை நேரில் ஒருநாளும் கண்டிராத மனிதரை, என்னை அடையாளம் காட்ட அழைத்த அறிவாளி நான்.

பெண்ணின் தகப்பனார் வந்தார். இடுப்பில் வெள்ளைச் சாரம், முகத்தில் வியர்வை. எனக்காக அவர் சொல்லும் ஒரு சொல்லுக்கு நாளை அவர் வீட்டுக் கதவு தட்டப்படலாம். எனக்கும் அது தெரியும்.

"ஐயா, நான்தான். படத்தில பாத்தனீங்கள்தானே."

"படத்தில கண்ணாடி இருந்தது, தம்பி."

மேசையில் கிடந்த கண்ணாடியைப் பாய்ந்தெடுத்தேன். லென்ஸைக் கழற்ற நேரமில்லை. மாட்டினேன். மறுபடியும் எல்லாம் புகை. அந்தப் புகைக்குள்ளிருந்து அவர் குரல் சிங்களத்தில் வந்தது. இவரைத் தெரியாது என்றது. செருப்புச் சத்தம் வாசலுக்குப் போனது.

இரவு நான் அறைக்குத் திரும்பாததால் தேடிய வெள்ளவத்தை வீட்டுக்காரர், நான் அங்கே வாடகைக்கு இருப்பதற்கான பொலிஸ் பதிவுத் துண்டோடு மறுநாள் காலை வந்து என்னைக் கூட்டிப்போனார். சம்பந்தம் பற்றி அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. லென்ஸைக் குப்பையில் போட்டேன்.

ஆமிக்காரனைத் திட்ட எனக்கு வார்த்தை இருக்கிறது. அவனை அங்கே நிறுத்தியவர்களைத் திட்ட இன்னும் நிறைய இருக்கிறது. அந்தத் தகப்பனாரைத்தான் ஒழுங்காகத் திட்ட முடியவில்லை. என்னை உண்மையிலேயே அடையாளம் தெரியாமல் சொன்னாரா, தெரிந்துகொண்டே சொன்னாரா? முகத்தைப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். அந்த ஒரு நிமிடம் பார்த்து, என் இரண்டு கண்ணுக்கும் இரட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு குருடனாக நின்றேன்.